ஓலைப் பெட்டிக்கு எப்படி விலை வைப்பது? முந்நூறு பெட்டி முடைந்தும் கூலி தேறவில்லை

தேரிக்காட்டு ஓலை (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். நான் திருச்செந்தூர் வட்டாரத்தில், தேரி என்னும் செம்மணல் மேட்டை ஒட்டிய ஒரு சிற்றூரில் வசிக்கிறேன். எனக்கு வயது 38. பனை ஓலையில் பெட்டி முடைவதை என் ஆச்சியிடம் பன்னிரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். அப்போது எங்கள் வீட்டில் கருப்பட்டி போட்டு வைக்கும் பெட்டியும் நெல் அள்ளும் கடகமும் வீட்டிலேயே முடைந்தவைதான். அவற்றை விற்கலாம் என்ற எண்ணமே யாருக்கும் இருந்ததில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு உறவினர் வீட்டுத் திருமணம் ஒன்றுக்கு, தாம்பூலம் வைத்துக் கொடுப்பதற்காக மூடி போட்ட சிறு பெட்டிகள் ஐம்பது முடைந்து கொடுத்தேன். பார்த்தவர்கள் அடுத்தடுத்துக் கேட்கவே அதுவே தொழிலாகிவிட்டது. இப்போது நானும் என் அம்மாவும் சேர்ந்து முடைகிறோம். கைப்பேசியில் படம் எடுத்து இன்ஸ்டாகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் போடுகிறேன். ஆர்டர்கள் பெரும்பாலும் அப்படித்தான் வருகின்றன.

சென்ற கார்த்திகை மாதத்தில் சென்னையில் நடந்த ஒரு திருமணத்துக்கு முந்நூறு பெட்டிகள் கேட்டார்கள். நான்கு அங்குலச் சதுரம், மூடியுடன், இயற்கை நிறமும் சிவப்பும் கலந்த பின்னல். நான் பெட்டி ஒன்றுக்கு 75 ரூபாய் கேட்டேன். எண்ணிக்கை அதிகம் என்பதால் குறைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பெரிய ஆர்டரை விட மனமில்லாமல் 60 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டேன். ஒருவர் ஒரு நாள் முழுவதும் உட்கார்ந்தால் ஐந்து பெட்டிகள்தாம் முடையலாம். ஐப்பசி அடைமழையில் ஓலை காயாமலும் சாயம் காயாமலும் நாங்கள் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. சொன்ன நாளுக்கு முன்னதாக முடித்து, பெட்டிகளைப் பத்துப் பத்தாகப் பாலிதீன் உறையில் போட்டுக் கட்டி, பேருந்துப் பார்சலில் அனுப்பிவைத்தோம். நான்காம் நாள் தொலைபேசியில் அழைத்து, நாற்பது பெட்டிகளின் மூலைகளில் சாம்பல் நிறத்தில் பூசணம் பிடித்திருப்பதாகச் சொன்னார்கள். படத்தைப் பார்த்தபோது அழுதுவிட்டேன். அவர்கள் மேல் குற்றமில்லை. இரவு பகலாக உட்கார்ந்து நாற்பது பெட்டிகளை மீண்டும் முடைந்து, அவற்றையும் என் செலவிலேயே அனுப்பினேன்.

எல்லாம் முடிந்து பணத்தை எண்ணிப் பார்த்தபோது, கூலி என்று எதுவும் தேறியதாகத் தோன்றவில்லை. விலையை உயர்த்தினால் ஆர்டர் போய்விடும் என்று அம்மா அஞ்சுகிறார். உயர்த்தாவிட்டால் இந்த வேலையில் நீடிக்க முடியாது என்று நான் அஞ்சுகிறேன். ஒரு பெட்டிக்கு உரிய விலை எது என்பதை நீங்கள் எல்லாரும் எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? மழைக்காலத்தில் பூசணம் பிடிக்காமல் இருக்க என்ன செய்கிறீர்கள்?

இன்னும் இரண்டு ஐயங்கள் இருக்கின்றன. சென்னைக் கடைக்காரர் ஒருவர் மாதந்தோறும் பெட்டிகள் எடுத்துக்கொள்வதாகவும், விற்ற பிறகு பணம் தருவதாகவும் சொல்கிறார். ஆனால் "செட்டிநாட்டுக் கொட்டான்" (காரைக்குடிப் பக்கத்து ஓலைப் பெட்டியின் பெயர் அது) என்று பெயர்ச் சீட்டு ஒட்டித்தான் விற்பாராம். அது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. பெங்களூரிலிருந்து சிலர் கேட்கிறார்கள். வெளிமாநிலத்துக்கு அனுப்ப வேண்டுமானால் ஜிஎஸ்டி எண் கட்டாயம் என்று ஒருவர் சொல்ல, வேண்டியதில்லை என்று மற்றொருவர் சொல்கிறார். தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கொட்டான் முடைபவள், காரைக்குடி

சகோதரி, உங்கள் பதிவைப் படித்ததும் என் முதல் மூன்று ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. கூலி தேறவில்லை என்று மனம் சொல்கிறதே தவிர, எவ்வளவு தேறவில்லை என்பதை நீங்கள் இன்னும் தாளில் எழுதிப் பார்க்கவில்லை. அதைத்தான் முதலில் செய்ய வேண்டும். நீங்கள் சொன்னவற்றையும் எங்கள் பக்கத்து நிலவரத்தையும் வைத்து நான் எழுதிப் பார்த்தேன். உங்கள் ஊர் விலைக்கு ஏற்ப எண்களை மாற்றிக்கொள்ளுங்கள்.

ஒருவர் நாளுக்கு ஐந்து பெட்டி என்றால், முந்நூறு பெட்டிக்கு அறுபது ஆள்நாள். இது முடைவதற்கு மட்டும். குருத்தோலையைப் பிரித்து, காயவைத்து, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் வார்ந்து, சாயத்தில் கொதிக்கவைத்து, மறுபடி உலர்த்தும் வேலைக்கு எப்படியும் எட்டு ஆள்நாள் ஆகியிருக்கும். பெரும்பாலானவர்கள் கணக்கில் விட்டுவிடுவது இந்த எட்டு நாளைத்தான். ஒரு குருத்தில் நான்கு பெட்டி தேறினால் 75 குருத்து வேண்டும். குருத்து 30 ரூபாய் என்று வைத்தால் 2,250 ரூபாய். சாயத்துக்கும் விறகுக்கும் 600, கட்டி அனுப்பியதற்கு 900. ஆகச் செலவு 3,750. உங்களுக்கு வந்த 18,000 ரூபாயில் அதைக் கழித்தால் 14,250. அதை 68 நாளுக்குப் பகிர்ந்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 210 ரூபாய். பூசணம் பிடித்த நாற்பதையும் திரும்ப முடைந்ததற்கு எட்டு நாளும், ஓலை, சாயம், பார்சல் வகையில் 580 ரூபாயும் சேர்த்தால், நாளுக்கு 180 ரூபாய்கூட முழுதாக வரவில்லை.

நூறு நாள் வேலைத் திட்டத்தில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட நாள் கூலி 336 ரூபாய். இருபத்தாறு ஆண்டுகள் கை பழகிய ஒருவருடைய வேலைக்கு அதில் ஏறத்தாழப் பாதிதான் கிடைத்திருக்கிறது என்பதை உங்கள் அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். ஆர்டர் போய்விடும் என்று அவர் அஞ்சுவது இயல்புதான். ஆனால் இப்படிப்பட்ட ஆர்டர் ஒன்று போனால் உங்களுக்கு இழப்பு என்ன என்பதையும் இதே தாளில் பார்க்கலாம்.

இனி அதே கணக்கை மறுபக்கத்திலிருந்து போடுங்கள். எனக்கு நாளுக்கு 400 ரூபாய் வேண்டும் என்று முதலில் முடிவு செய்யுங்கள். 68 நாளுக்கு 27,200 ரூபாய். பெட்டிக்குப் பகிர்ந்தால் ஏறக்குறைய 91. அதனுடன் ஓலைக்கு ஏழரை, சாயத்துக்கு இரண்டு, அனுப்பும் செலவுக்கு மூன்று சேர்த்தால் 103 அல்லது 104. கெட்டுப்போவதற்கும் மாதிரிக்குக் கொடுப்பதற்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டினால் 115 ரூபாய்க்கு அருகில் வந்து நிற்கும். மொத்தமாகக் கேட்பவர்களுக்கான விலை அது. ஐந்து பெட்டி, பத்துப் பெட்டி என்று கேட்பவர்களுக்கு அதே விலையில் கொடுக்கக் கூடாது. படம் அனுப்புவது, நிறம் பேசுவது, தனித்தனியாகக் கட்டுவது, அஞ்சலகத்துக்குப் போய்வருவது எல்லாம் உங்கள் நேரம்தான். நான் என்றால் சில்லறைக்கு 160 சொல்வேன்.

பெயரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். கொட்டான் எங்கள் பக்கத்து நகரத்தார் வீட்டுப் பெண்கள் தங்கள் வீட்டுத் திருமணங்களுக்கும் சடங்குகளுக்கும் முடைந்து வந்தது. நடுவில் ஏறக்குறைய மறைந்தே போயிற்று. எம்.ஆர்.எம்.ஆர்.எம். பண்பாட்டு அறக்கட்டளை முயன்று, பழைய கொட்டான்களைப் பார்த்துப் பெண்களுக்கு மீண்டும் கற்பித்த பிறகுதான் இந்தப் பக்கம் பலர் ஓலையைக் கையில் எடுத்தார்கள். அவர்களுக்குப் பின் வந்தவள் நான். செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும், அதாவது ஒரு வட்டாரத்துக்கே உரிய பொருளின் பெயருக்குச் சட்டம் தரும் காப்பும், இருக்கிறது. உங்கள் பெட்டி அதற்குக் குறைந்தது என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் அது உங்கள் தேரிப் பனையின் ஓலையில், உங்கள் ஆச்சியின் கைப்பழக்கத்தில் வந்த பெட்டி. அதை எங்கள் ஊர்ப் பெயரில் விற்றால் எங்களுக்கும் கேடு, உங்கள் ஊருக்கு என்றைக்கும் பெயர் வராமல் போவதும் கேடு. அந்தக் கடைக்காரரிடம் தயங்காமல் மறுத்துவிடுங்கள்.

பனங்காட்டுப் பிள்ளை, இராமநாதபுரம்

அக்கா, பூசணத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். எங்கள் அப்பா பனையேறி, அம்மா பெட்டி முடைபவர். ஒவ்வோர் ஐப்பசியிலும் எங்கள் வீட்டில் இதே சண்டைதான் நடந்துகொண்டிருந்தது.

முடைவதற்கு முன் ஓலை வளைந்து கொடுப்பதற்காக அதை நனைக்கிறோம். முடைந்து முடித்ததும் பெட்டி கைக்குக் காய்ந்ததுபோலவே தோன்றும். ஆனால் அடிமூலையிலும் விளிம்பை மடக்கிச் செருகிய இடத்திலும் ஓலை மூன்று நான்கு மடிப்பாக இருக்கிறது. அந்த மடிப்புகளுக்கு நடுவே இருக்கும் ஈரம் வெளியே வர நாளாகும். நீங்கள் அதைப் பாலிதீனில் போட்டுக் கட்டியபோது அந்த ஈரம் போக வழியில்லாமல் உள்ளேயே வியர்த்திருக்கிறது. மூலையில்தான் பூசணம் பிடித்தது என்று நீங்கள் எழுதியதே அதற்குச் சான்று. ஓலையின் மேலோ உங்கள் கையின் மேலோ குறை எதுவும் இல்லை.

கையால் தொட்டு ஈரத்தைக் கண்டுபிடிக்க முடியாது என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். இப்போது சமையலறையில் மாவு நிறுக்கும் சிறிய மின்னணுத் தராசு ஒன்று வைத்திருக்கிறோம். முடைந்து முடித்த அன்று ஒரு பெட்டியை நிறுத்து, அதன் அடியில் பென்சிலால் எடையை எழுதிவிடுவோம். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் அதே பெட்டியை நிறுப்போம். எடை குறைந்துகொண்டே வரும் வரை உள்ளே ஈரம் இருக்கிறது என்று பொருள். இரண்டு நாள் தொடர்ந்து ஒரே எடை நின்றால்தான் கட்டுவோம். வெயில் காலத்தில் இரண்டாம் நாளே நின்றுவிடும். அடைமழையில் ஒரு வாரம்கூட ஆகியிருக்கிறது. பெட்டிகளை மூடி கழற்றி, கவிழ்க்காமல், கயிற்றுக் கட்டிலின் மேல் பரப்பி வையுங்கள். கட்டிலுக்குக் கீழிருந்தும் காற்று வரும். மின்விசிறிக்கு ஆகும் செலவைப் பார்க்காதீர்கள். எங்கள் அப்பத்தா அடுப்புக்கு மேல் பரண் கட்டி, புகைபடும்படி பெட்டிகளை வைப்பார். அது பூச்சிக்கும் பூசணத்துக்கும் நல்ல காப்புதான். ஆனால் நிறம் பழுத்துப் போகும், புகை வாடையும் ஏறும். திருமணப் பெட்டிக்கு அது உதவாது.

கட்டும்போது பாலிதீனை அடியோடு விட்டுவிடுங்கள். செய்தித்தாளில் சுற்றி, பக்கத்தில் துளையிட்ட அட்டைப் பெட்டியில் அடுக்கினால் போதும். செய்தித்தாளின் மை இயற்கை நிற ஓலையில் ஒட்டும் என்பதால், ஓலையை ஒட்டி வெள்ளைத் தாளும் அதற்கு வெளியே செய்தித்தாளும் சுற்றுகிறோம்.

இதைவிட முக்கியமானது ஓலை சேர்க்கும் காலம். பதநீர்க் காலத்தில், மாசியிலிருந்து ஆனி வரை, பனையேறிகள் நாள்தோறும் மரத்தில் இருப்பார்கள். வெயிலும் கொளுத்தும். அப்போது வாங்கிக் காயவைத்த குருத்தோலை தந்தம்போல் வெளுத்து நிற்கும். மழைக்காலத்துக்கு வேண்டியதை அப்போதே வார்ந்து, சுருளாகச் சுற்றி, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிட்டுவிட்டால் ஐப்பசியில் முடைகிற வேலை மட்டும்தான் மிஞ்சும். கார்த்திகையில் ஓலைக் கொழுக்கட்டைக்கும், குருத்தோலை ஞாயிறு வரும் வாரத்திலும் எல்லாரும் குருத்துக்கு அலைவார்கள்; விலையும் ஏறும். அந்த நேரத்தில் போய் நிற்காதீர்கள்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குருத்தைப் பேரம் பேசி வாங்க வேண்டாம். ஒரே மரத்தில் அடிக்கடி குருத்து வெட்டினால் மரம் நலிந்துபோகும் என்று தெரிந்த பனையேறி, மரம் மாற்றி மரம் ஏறித்தான் வெட்டுகிறார். எங்கள் ஊரில் ஏறத் தெரிந்தவர்கள் இப்போது நான்கு பேர்தான். அவர்கள் இறங்கிவிட்டால் நம் எல்லாருடைய வேலையும் நின்றுவிடும்.

கைவினைக் கடைக்காரர், மயிலாப்பூர்

காரைக்குடி அம்மையார் போட்ட கணக்கில் ஒரு எண்ணையும் நான் மறுக்கவில்லை. ஆனால் வாங்குபவர்களோடு நாள் முழுவதும் பேசுகிறவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தாம்பூலப் பைக்கு ஒரு குடும்பம் ஒதுக்கும் தொகை பெரும்பாலும் முன்பே முடிவாகிவிட்டிருக்கும். அச்சிட்ட துணிப்பை அதைவிடக் குறைவாகக் கிடைக்கும்போது, முந்நூறு பேருக்கு 115 ரூபாய்ப் பெட்டி கொடுப்பவர்கள் சிலரே. ஆகவே விலையை உயர்த்துவதோடு நிற்காமல், அந்த விலைக்குள் அடங்கும் பொருள் எது என்றும் சிந்திக்க வேண்டும். ஒரு பெட்டிக்கு ஆகும் நேரத்தில் மூடிக்கு எவ்வளவு, உடலுக்கு எவ்வளவு, விளிம்புக்கு எவ்வளவு என்று கடிகாரம் வைத்துப் பாருங்கள். மூடி இல்லாமல், சாயம் இல்லாமல், ஒரே அளவில் ஒரு பெட்டி முடைந்தால் அது எந்த விலைக்கு நிற்கும் என்று தெரிந்துகொண்டு, இரண்டு மாதிரிகளையும் இரண்டு விலைகளையும் வாங்குபவர் முன் வையுங்கள். குறைத்துக் கேட்பவரிடம் அதே பெட்டியைக் குறைந்த விலைக்குக் கொடுக்காமல், குறைந்த வேலையுள்ள பெட்டியைக் காட்டுங்கள்.

விற்ற பிறகு பணம் என்ற ஏற்பாட்டைப் பற்றியும் சொல்கிறேன். நானும் சிலரிடம் அப்படித்தான் வாங்குகிறேன். அது தவறான முறையன்று. புதிய பொருள் ஓடுமா என்று தெரியாதபோது கடைக்காரர் முழுப் பணமும் போடத் தயங்குவார். ஆனால் அதில் முழு இடரும் உங்கள் தலையில் விழுகிறது. வெயில்படும் கண்ணாடி அலமாரியில் மூன்று மாதம் இருந்து நிறம் மங்கிய பெட்டி உங்களிடமே திரும்பி வரும். முதல் முறை இருபது பெட்டிக்கு மேல் கொடுக்காதீர்கள். பாதிப் பணத்தை முன்னதாகக் கேளுங்கள். எத்தனை நாளுக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது, பழுதானால் யார் பொறுப்பு என்பதை ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும், எழுத்தில் இருக்க வேண்டும்.

115 ரூபாய்க்கு வாங்கிய பெட்டியைக் கடையில் 220, 230 ரூபாய்க்கு வைத்திருப்பதைப் பார்த்து மனம் வருந்த வேண்டாம். வாடகையும் ஆள் சம்பளமும் விற்காமல் தேங்கும் சரக்கும் அதற்குள் இருக்கின்றன. ஆனால் கடையில் 230 விலையுள்ள பெட்டியை நீங்களே இன்ஸ்டாகிராமில் 130 ரூபாய்க்குப் போட்டால், அந்தக் கடைக்காரர் அடுத்த முறை உங்களை அழைக்க மாட்டார். சில்லறை விலை எங்கும் ஏறக்குறைய ஒன்றாக இருக்கட்டும். அந்த வகையில் 160 என்பதே எனக்குக் குறைவாகத் தோன்றுகிறது.

கொட்டான் முடைபவள், காரைக்குடி

மூடியில்லாத பெட்டியைப் பற்றிக் கடைக்காரர் ஐயா சொன்னது நல்ல யோசனை. நான் எண்ணிப் பார்க்காதது. ஒரு சொல் மட்டும் சேர்க்கிறேன். மூடியை விடலாம், சாயத்தை விடலாம். விளிம்பை மட்டும் விடாதீர்கள். விளிம்பில் ஓலை நுனியை உள்ளே திருப்பி மூன்று கட்டம் தள்ளிச் செருகுவதற்குப் பதிலாக, ஒரு கட்டத்தோடு வெட்டிவிட்டால் பெட்டிக்கு ஐந்து நிமிடம் மிச்சமாகும். ஆனால் ஆறு மாதத்தில் நுனிகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து நிற்கும். அந்தப் பெட்டியை வீட்டில் வைத்திருப்பவர் ஓலைப் பெட்டியே இப்படித்தான் என்று எண்ணிக்கொள்வார்.

பத்தமடைப் பாய்

நாங்கள் கோரைப் பாய் நெய்பவர்கள். மணமக்கள் பெயரைப் பாயிலேயே நெய்து தரச் சொல்லிக் கேட்பது எங்கள் ஊரில் நெடுநாள் வழக்கம். பெயர் ஏறிவிட்ட பாயை வேறு யாருக்கும் விற்க முடியாது என்பதால், அதற்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே வாங்கிவிடுவோம். உங்களிடமும் பெட்டியில் பெயரோ நாளோ, வேறு எவரும் கேட்காத நிறமோ வேண்டும் என்று சொன்னால் அதையே செய்யுங்கள். மற்ற ஆர்டருக்குப் பாதி முன்பணம் வாங்காமல் ஓலையை நனைக்காதீர்கள். முன்பணம் கேட்டதற்காக நல்ல வாடிக்கையாளர் ஒருவர்கூட எங்களை விட்டுப் போனதில்லை.

வரிக் கணக்கர், மதுரை

வரியைப் பற்றிய இரண்டு பதில்களும் அரைகுறையாக உங்களிடம் வந்திருக்கின்றன. தமிழ்நாட்டுக்குள் பொருள் மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்றுமுதல் 40 இலட்சம் ரூபாயைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிமாநிலத்துக்கு விற்றால் தொகை எவ்வளவாக இருந்தாலும் பதிவு வேண்டும் என்பது பொது விதி. ஆனால் கைவினைஞர்களுக்கு 2018 அக்டோபரில் வந்த அறிவிக்கை ஒரு விலக்குத் தருகிறது. பெரும்பாலும் கையால் செய்யப்பட்ட, அந்த அறிவிக்கையின் பட்டியலில் உள்ள பொருள்களை வெளிமாநிலத்துக்கு விற்பவர், ஆண்டு விற்றுமுதல் 20 இலட்சத்தைத் தாண்டாத வரை பதிவு செய்ய வேண்டியதில்லை. புல், ஓலை, நாணல், நார்ப் பொருள்கள் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. உங்களிடம் பான் எண் இருக்க வேண்டும். பெங்களூருக்கு அனுப்பும் சரக்குக்கு, அதன் மதிப்பு எவ்வளவு குறைவாக இருந்தாலும், இ-வே பில் (சரக்கோடு செல்ல வேண்டிய இணையவழிச் சீட்டு) எடுக்க வேண்டும். இந்த இரண்டாவது நிபந்தனையைப் பலர் அறியாமல் விட்டுவிடுகிறார்கள்.

இது வாங்குபவர் உங்களிடமே தொலைபேசியிலோ வாட்ஸ்அப்பிலோ கேட்டு, பணத்தையும் உங்களுக்கே அனுப்பும்போது பொருந்தும். பெரிய இணைய விற்பனைத் தளங்களில் கடை திறப்பது வேறு கதை. 2023 அக்டோபர் 1 முதல், பதிவில்லாத சிறு விற்பனையாளர் அத்தகைய தளத்தில் தம் மாநிலத்துக்குள் மட்டும் விற்கலாம். அதற்கும் ஜிஎஸ்டி இணையதளத்தில் ஒரு சேர்க்கை எண் வாங்க வேண்டும். தளம் வழியாகப் பெங்களூருக்கும் தில்லிக்கும் விற்க விரும்பினால் பதிவு செய்துகொள்வதே வழி.

பெயர்ச் சீட்டு விவகாரத்தில் காரைக்குடி அம்மையார் நெறியைச் சொன்னார். நான் சட்டத்தைச் சொல்கிறேன். 1999ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டப்படி, பதிவான பெயரைப் பொய்யாகப் பொருளின் மேல் இடுவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 ரூபாய் முதல் இரண்டு இலட்சம் வரை தண்டமும் அதற்கு உண்டு. சீட்டை ஒட்டுபவர் கடைக்காரராக இருந்தாலும், தெரிந்தே அதற்காகப் பொருள் கொடுத்தவர் என்ற பேச்சு உங்கள் மேல் வர வேண்டாம்.

கைவினைஞர் அடையாள அட்டை வாங்கியிருக்கிறீர்களா? ஒன்றிய ஜவுளி அமைச்சகத்தின் கீழ் உள்ள கைவினை வளர்ச்சி ஆணையர் அலுவலகம் "பெஹ்சான்" என்ற பெயரில் அதை வழங்குகிறது. அரசு நடத்தும் கைவினைக் கண்காட்சிகளில் இடம் கேட்கும்போது அதைத்தான் முதலில் கேட்பார்கள். தமிழ்நாடு அரசின் கலைஞர் கைவினைத் திட்டத்தில், 35 வயது நிறைந்த கைவினைஞர்களுக்கு மூன்று இலட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, அதிக அளவாக 50,000 ரூபாய், மானியமும் உண்டு. உங்கள் வயதுக்கு அது பொருந்தும். பதநீர்க் காலத்தில் ஓராண்டுக்கான ஓலையை மொத்தமாக வாங்கிவைக்க முதல் வேண்டும் அல்லவா, அதற்கு மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுப் பாருங்கள். கடன் கடன்தான் என்பதால், முதலில் மேலே போட்ட கணக்கைச் சரிசெய்துவிட்டு வாங்குவது நல்லது.

தேரிக்காட்டு ஓலை

பதில் எழுதிய ஒவ்வொருவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரம் கழித்து எழுதுவதற்குப் பொறுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொன்னவற்றைச் செய்து பார்த்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு பெட்டிக்கு எனக்கு 96 நிமிடம் ஆகிறது. உடலுக்கு 43, விளிம்புக்கு 13, மூடிக்கு மட்டும் 40 நிமிடம். மூடி பெட்டியைவிட ஓர் இழை அளவுதான் பெரிதாக இருக்க வேண்டும்; இறுக்கமானால் திறக்கும்போது விளிம்பு பிளக்கும், தளர்ந்தால் தானே கழன்று விழும். அதற்காகவே இரண்டு முறை பிரித்து முடைகிறேன் என்பதை இதற்கு முன் நான் கவனித்ததே இல்லை. மூடி இல்லாமல், சாயம் இல்லாமல், விளிம்பை மட்டும் முழுமையாகச் செருகி முடைந்தால் நாளுக்கு எட்டு முடிகிறது. அதற்கு மொத்த விலை 75 ரூபாய் வைத்திருக்கிறேன். மூடியுள்ளதற்கு மொத்தமாக 115, சில்லறையாக 180.

அம்மாவிடம் தாளைக் காட்டினேன். 180 ரூபாய் என்ற நாள் கூலியைப் பார்த்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "இவ்வளவு நாளும் நம்ம நேரத்தைச் சும்மாவா கொடுத்துட்டிருந்தோம்?" என்று கேட்டார். இப்போது விலை கேட்டு வரும் அழைப்புகளுக்கு அவரே பதில் சொல்கிறார்.

பெயர்ச் சீட்டு ஒட்டக் கேட்ட அந்தச் சென்னைக் கடைக்காரரிடம் வேறு ஊர்ப் பெயரில் தரமுடியாது என்று சொன்னேன். யோசித்துச் சொல்வதாகச் சொன்னார், இன்னும் அழைக்கவில்லை. ஆனால் தை மாதத் திருமணம் ஒன்றுக்குக் கேட்ட குடும்பத்துக்கு இரண்டு மாதிரிகளையும் அனுப்பினேன். மூடியில்லாதது 120, நெருங்கிய உறவினர்களுக்குக் கொடுக்க மூடியுள்ளது 40 என்று எடுத்துக்கொண்டார்கள்; பாதிப் பணம் அன்றே வந்தது. ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் எங்கள் ஊர்ப் பெயரும், இது தேரிப் பனையின் குருத்தோலை என்ற ஒரு வரியும் எழுதிய சிறு சீட்டு வைக்கலாமா என்று கேட்டேன். மகிழ்ச்சியோடு ஒப்புக்கொண்டார்கள்.

தராசு வாங்கிவிட்டேன். மூடியுள்ள முதல் பெட்டி, முடைந்த அன்று 46 கிராம் இருந்தது. மறுநாள் 41, மூன்றாம் நாள் 39, நேற்றும் இன்றும் 38. இங்கே வானம் இன்னும் மூடித்தான் இருக்கிறது. நாளை காலையும் ஒருமுறை நிறுத்துப் பார்த்துவிட்டு அட்டைப் பெட்டியில் அடுக்குவேன்.